மூத்தம்மாவின் கணக்குக் கொப்பி

எங்கள் மூத்தம்மா 2023ஆம் ஆண்டு றமழான் மாதத்தில் மௌத்தானார். அவருக்கு 85 வயது இருக்கும். ‘இருக்கும்’ என்று நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பிறப்புப் பதிவில் இருந்த வருடத்தை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. “நான் பொறந்தது எனக்குத் தெரியுமா, பதிஞ்சவனுக்குத் தெரியுமா?” என்று கேட்பார். அதற்கு எங்கள் வீட்டில் யாரும் பதில் சொன்னதில்லை. மூத்தம்மாவின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதைவிடச் சும்மா இருப்பது இலேசு என்பது மாமாமார் மூவருக்கும் சிறுவயதிலேயே விளங்கியிருந்தது.

மூத்தம்மா என் உம்மாவைப் பெற்றவர். எங்கள் ஊர் மருதமுனை. கல்முனைக்கு வடக்கே, கிழக்கில் கடலும் மேற்கில் வயலுமாகக் கிடக்கும் நெசவாளர் ஊர். எங்கள் ஊர்க் கைத்தறிச் சாரனையும் சேலையையும் நாட்டின் பல பாகங்களிலும் அறிவார்கள். ஒரு காலத்தில் இந்த ஊரில் எந்த ஒழுங்கைக்குள் திரும்பினாலும் தறிச் சத்தம் கேட்கும் என்று உம்மா சொல்வார். அந்தச் சத்தங்களில் ஒன்று மூத்தம்மாவுடையது. தன் வாப்பாவின் குழித்தறியில் 12 வயதில் உட்கார்ந்தவர், பார்வை மங்கும் வரை தறியை விடவில்லை. தறியில் உட்கார முடியாமற்போன பிறகும் மற்றவர்களுக்குத் தார் சுற்றிக் கொடுத்தார்.

1977ஆம் ஆண்டுக்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்தது. வெளிநாட்டுத் துணிகள் மலிவாக வந்து குவிந்தன. எங்கள் ஊரில் பல தறிகள் நின்றன. அடுத்த வருடம், 1978 நவம்பரில், கிழக்கை அடித்துப் புரட்டிய சூறாவளி வந்தது. எங்கள் வீட்டுக் கூரை பறந்தபோது மூத்தம்மா நூல் கட்டுகளைப் பெரிய நெல்லுப் பெட்டிக்குள் போட்டு மூடி, விடியும் வரை அதன்மேல் உட்கார்ந்திருந்தாராம். மூத்தவாப்பா பிள்ளைகளை அணைத்துக்கொண்டு ஒரு மூலையில் இருந்தாராம். “புள்ளைகள அவர் பாத்தார், நூல நான் பாத்தன். ரெண்டுல எது போனாலும் மத்தது தங்காது” என்று மூத்தம்மா அந்தக் கதையை முடிப்பார்.

மூத்தவாப்பா மெதுவான மனிதர். யார் எதைக் கேட்டு வந்தாலும் “அவகிட்டக் கேளுங்க” என்றுதான் சொல்வாராம். அவர் மௌத்தானபோது மூத்தம்மா நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்தார். அந்த நாட்களிலும் வியாபாரம் நிற்கவில்லை. சாரன் வாங்க வந்த வியாபாரிகள் வாசலில் நிற்க, திரைக்குப் பின்னாலிருந்து மூத்தம்மா விலை சொன்னார். முகம் தெரியாததால் விலையைக் குறைத்துக் கேட்கலாம் என்று நினைத்த ஒருவர், வழக்கமான விலையைவிடக் கூடக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

மூத்தம்மா பாடசாலைக்குப் போனது இரண்டாம் வகுப்பு வரைதான். ஆனால் ஓதும் பள்ளியில் குர்ஆனை முடித்தவர். அங்கேதான் அறபுத்தமிழும் படித்தார். அறபு எழுத்துகளால் தமிழை எழுதுவது அறபுத்தமிழ். அறபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டியும் குறைத்தும் தனி எழுத்துகள் அமைத்திருப்பார்கள். அறபைப் போலவே வலப்பக்கத்திலிருந்து எழுத வேண்டும். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் முஸ்லிம்கள் நெடுங்காலம் இப்படித்தான் மார்க்க நூல்களையும் கடிதங்களையும் எழுதினார்கள். பாடசாலை எட்டாத பெண்கள் பலருக்கு இதுவே எழுத்தாக இருந்தது. மூத்தம்மா தன் கணக்குகளை எல்லாம் இதில்தான் எழுதினார். நூல் வாங்கிய கணக்கு, சாரன் விற்ற கணக்கு, கடன் கொடுத்த கணக்கு, வாங்கிய கணக்கு என்று எல்லாம் ஒரு தடித்த கொப்பிக்குள் இருந்தன. அந்தக் கொப்பியை ஒரு துணிப்பைக்குள் போட்டு எங்கே போனாலும் கொண்டுபோவார்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கிழக்கு மாகாண முஸ்லிம்களிடையே குடி என்பது தாய்வழியாக வருவது. மகளுக்குக் கலியாணம் செய்து கொடுக்கும்போது அவளுக்கு ஒரு வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெற்றவர்கள் பெரும்பாலும் தாங்கள் இருந்த வீட்டையே மகளுக்குக் கொடுத்துவிட்டு, பின்வளவில் ஒரு சிறிய வீட்டைக் கட்டிக்கொண்டு போவார்கள். மூத்தம்மாவுக்கு மூன்று பெண்மக்கள். அவர் தறியில் உழைத்தும், மூத்தவாப்பா ஊர் ஊராகச் சேலை கொண்டுபோய் விற்றும், மூன்று வீடுகளை எழுப்பினார்கள். மூன்றும் பெண்மக்களின் பெயரில் உறுதி எழுதப்பட்டவை. கடைசி மகளான என் உம்மாவுக்குக் கிடைத்த வீடு கடலுக்குக் கிட்ட இருந்தது. மூத்தம்மா அந்த வீட்டுக் குசினிக்குப் பக்கத்து அறையில் இருந்துகொண்டார். தறிக்கொட்டிலும் அதே வளவில்தான் இருந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது பிறந்திருக்கவில்லை. மூத்தம்மா காலையிலேயே கொப்பியை எடுத்துக்கொண்டு, பிரதான வீதிக்கு மேற்கேயிருந்த பெரியம்மா வீட்டுக்கு நூல் கணக்குப் பார்க்கப் போயிருந்தார். என் காக்காவுக்கு அப்போது மூன்று வயது. அவரும் அடம்பிடித்துக்கொண்டு மூத்தம்மாவுடன் போயிருந்தார். காலை 9 மணியளவில் கடல் வந்தது. உம்மாவும் வாப்பாவும் ஓடித் தப்பினார்கள். வீடும் தறியும் போயின. எங்கள் ஊர் நூற்றுக்கணக்கான உயிர்களை இழந்தது. எங்கள் ஒழுங்கையில் மையித்து எடுக்காத வீடு இல்லை. அந்த நாட்களைப் பற்றி மூத்தம்மா என்னிடம் அதிகம் கதைத்ததில்லை. நான் கேட்டால், போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுவார்.

கடலோரத்தில் திரும்பவும் வீடு கட்ட விடவில்லை. வீட்டுத் திட்டங்களில் வீடு தருவதற்காகப் பெயர் பதிந்தார்கள். படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஓர் இடம் இருந்தது. அதில் வாப்பாவின் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். பின்னேரம் உம்மா இதைச் சொன்னபோது மூத்தம்மா சோறு தின்றுகொண்டிருந்தாராம். கையைக் கழுவிவிட்டுக் கேட்டாராம்: “கடல் கொண்டுபோனது யார்ர ஊடு?”

“என்ர ஊடுதான்” என்றார் உம்மா.

“அப்ப திருப்பித் தாறதும் உண்ட பேர்லதானே தரணும்?”

வாப்பா சாய்ந்தமருதுக்காரர். மூத்தம்மாவுக்கு முன்னால் குரலை உயர்த்திப் பேசாதவர். அவர் மெல்லச் சொன்னாராம்: “மாமி, யார்ர பேர்ல இருந்தா என்ன? நான் ஊட்டத் தூக்கிக்கிட்டு எங்க போகப்போறன்?”

“மருமகன், நீங்க நல்லவர். அது எனக்குத் தெரியும். ஆனா உறுதி எழுதுறது நல்லவரா கெட்டவரா எண்டு பாத்தல்ல. யார்ர சொத்து எண்டு பாத்து.”

அடுத்த நாள் மூத்தம்மா புறப்பட்டார். உறுதிப் பத்திரம் தண்ணீரோடு போய்விட்டது. ஆனால் கணக்குக் கொப்பி கையில் இருந்தது. அதில் மூன்று மக்களின் உறுதி இலக்கங்களும், எழுதிய திகதிகளும், நொத்தாரிசின் பெயரும் இருந்தன. அலுவலகத்தில் இருந்தவர் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது அறபெல்லா?” என்றாராம். “எழுத்து அறபு, கதை தமிழ். நான் வாசிக்கன், நீங்க எழுதுங்க” என்று சொல்லி, நின்ற நிலையிலேயே மூத்தம்மா வாசித்தாராம். அந்த இலக்கங்களை வைத்துத்தான் காணிப் பதிவில் உறுதியின் பிரதியை எடுக்க முடிந்தது. ஆறு தடவை போனதாக உம்மா சொல்வார். கடைசித் தடவை வாப்பாவே மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போய், “ஊடு என்ர பெண்சாதிட. அவட பேரப் போடுங்க” என்று எழுத்தில் கொடுத்தார். நாங்கள் இப்போது இருக்கும் வீடு உம்மாவின் பெயரில் இருப்பது இப்படித்தான்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. சுனாமிக்குப் பிறகு கிழக்கில் பெண்களுக்குச் சொந்தமாயிருந்த எத்தனையோ வீடுகளுக்குப் பதிலாகக் கட்டப்பட்டவை ‘குடும்பத் தலைவர்’ என்ற ஒரு சொல்லால் ஆண்களின் பெயருக்குப் போயின. பெண்கள் அமைப்புகள் அதைக் கேள்வி கேட்டன. எங்கள் அயலிலிருந்தும் பலர் மூத்தம்மாவிடம் வந்தார்கள். சிலருடைய காரியம் சரிவந்தது. சிலருடையது சரிவரவில்லை. “எங்கட மனிசன் அப்பிடிப்பட்டவரல்ல” என்று சொல்லி விட்டுவிட்டவர்களும் இருந்தார்கள். அப்படி விட்டுவிட்ட ஒரு ராத்தா, பல வருடங்களுக்குப் பிறகு இரண்டு பிள்ளைகளோடு தன் உம்மாவின் பின்னறைக்குத் திரும்பி வந்ததை நானே கண்டிருக்கிறேன். அன்று மூத்தம்மா, “நான் அண்டைக்கே சொன்னன்” என்று சொல்லவில்லை. ஒரு கொத்து அரிசியும் தேங்காயும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அரச காணிகளைப் பற்றிய 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில், வாரிசாக வருவதில் ஆண்களுக்கு இருந்த முன்னுரிமை 2022இல் தான் திருத்தப்பட்டது. அந்தச் செய்தியை நான் வாசித்துக் காட்டியபோது மூத்தம்மா, “நம்மட மார்க்கம் பொம்புளைக்குச் சொத்து உண்டெண்டு சொல்லி எத்தின வருசம்?” என்று கேட்டார். “1400 வருசம்” என்றேன். “இவங்களுக்குத் தபால் சுணங்கித்தான் வந்திரிக்கி” என்றார்.

நான் தரம் 10இல் படிக்கும்போது சீதனத்துக்கு எதிராக ஒரு பேச்சைத் தயாரித்து, வீட்டில் மூத்தம்மாவுக்கு முன்னால் பேசிக் காட்டினேன். தார் சுற்றிக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

“நல்லாத்தான் பேசுறாய் புள்ள. ஆனா ஊட்டயும் காசயும் ஒண்டாப் போட்டுக் குழப்புறாய். காசு அவன்ட கைக்குப் போறது. ஊடு உண்ட பேர்ல நிக்கிறது. காசு கேக்கிறவனுக்குக் குடுக்காத. ஊட்ட விட்டுக்குடுக்காத.”

நான் விடவில்லை. “ஊடு கட்ட வசதியில்லாத உம்மா வாப்பா என்ன செய்யிற மூத்தம்மா? மகள் பொறந்த நாள்ல இருந்து கல்லும் மண்ணும் சேத்தே அவங்கட காலம் முடியிதே” என்று கேட்டேன்.

மூத்தம்மாவின் கை நின்றது. பிறகு மறுபடியும் சுற்றத் தொடங்கியது. அன்று அவர் பதில் சொல்லவில்லை. மூத்தம்மா பதில் சொல்லாமல் விட்ட கேள்வியை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை.

அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. எனக்கொரு வீடு கட்டுவதற்காக வாப்பா 2016இல் கட்டாருக்குப் போயிருந்தார். அப்போது எனக்குப் பத்து வயது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். வரும்போதெல்லாம் என் உயரத்தைக் கதவு நிலையில் அளந்து பார்த்துவிட்டுச் சிரிப்பார். பிறகு பேசாமல் இருப்பார்.

இதற்கிடையில் கொரோனாக் காலம் வந்தது. 2020 மார்ச் இறுதியிலிருந்து ஏறத்தாழ ஒரு வருடம், நோயால் மௌத்தானவர்களை அடக்க விடாமல் எரித்தார்கள். எங்கள் ஊரில் வயதானவர்கள் எல்லோரும் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். மூத்தம்மா வெளிப்படையாகவே அறிவித்தார்: “நான் இப்ப மௌத்தாகப் போறல்ல. மண்ணுக்குள்ள வைக்கிற காலம் வரட்டும்.” கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடித்துக்கொண்டு அறைக்குள் இருந்தார். இரவில் தஹஜ்ஜுத் தொழுதுவிட்டு நெடுநேரம் கையேந்தியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பகலில் காட்டிய துணிச்சல் அந்த இரவுகளில்தான் சேர்ந்தது என்று நினைக்கிறேன். அந்த ஊரடங்கு நாட்களில்தான் எனக்கு அறபுத்தமிழ் படிப்பித்தார். ஒரு எழுத்தில் புள்ளி பிசகினால், “கணக்குல ஒரு புள்ளி பிசகினா ஆயிரம் பத்தாயிரமாகும்” என்று கையில் தட்டுவார்.

2022இல் நாடே நெருக்கடியில் விழுந்தது. சீமெந்துப் பை ஒன்றின் விலை ஏறத்தாழ 3000 ரூபாவுக்குப் போனது. என் வீட்டு வேலை அத்திவாரத்தோடு நின்றது. வாப்பா இன்னும் ஐந்து வருடம் இருந்துவிட்டு வருவதாகத் தொலைபேசியில் சொன்னார். மூத்தம்மா உம்மாவிடமிருந்து தொலைபேசியை வாங்கினார்.

“மருமகன், அத்திவாரம் போட்டது போதும். காணிய புள்ளட பேர்ல எழுதிப்போட்டு நீங்க ஊருக்கு வாங்க. மிச்சத்த அவ படிச்சி ஒழைச்சிக் கட்டட்டும். ஊட்ட எப்பயும் கட்டலாம். புள்ள வளர்றத எப்பயும் பாக்கேலா.”

மாமாமாருக்கு இது பிடிக்கவில்லை. வீடில்லாமல் பிள்ளையை யார் எடுப்பார் என்று மூத்த மாமா வந்து கேட்டார். மூத்தம்மா சொன்னார்: “ஊட்டப் பாத்து வாறவன் ஊட்டயே கட்டிக்கிடட்டும். நம்மட புள்ளையப் பாத்து வாறவன் வரட்டும்.” மாமா தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நான் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில் என்று எனக்கு விளங்கியது. தன் வாழ்நாள் முழுவதும் மூன்று வீடுகளுக்காக உழைத்தவர், நான்காவது வீட்டை நிறுத்தச் சொன்னார். வீட்டின் அருமை தெரியாமல் சொல்லவில்லை. அதற்குக் கொடுத்த விலை தெரிந்து சொன்னார். மூன்று வீடுகளைக் கொடுத்தவருக்குச் சொந்தமாக ஒரு வீடு இருக்கவில்லை. 12 அடி நீளமான ஓர் அறையில்தான் அவர் கடைசிவரை இருந்தார். அது அவருக்குக் குறையாக இருந்ததா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கேட்டால், “ஊடு நிறைய மக்கள் இரிக்காங்க, எனக்கென்ன குறை?” என்றுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் தன் பேத்தியின் வாப்பாவை அவர் திருப்பிக் கூப்பிட்டதில், சொல்லாத ஏதோ ஒன்று இருந்தது.

வாப்பா 2023 தொடக்கத்தில் வந்து சேர்ந்தார். அந்த றமழானில் ஒரு ஸஹர் நேரம், எழும்பிச் சாப்பிட்டு, நோன்புக்கு நிய்யத்தும் வைத்துவிட்டுச் சாய்ந்தவர், ஸுபஹுக்கு நாங்கள் எழுப்பும்போது எழும்பவில்லை.

மையித்தைக் குளிப்பாட்டும் முன்னர் உம்மா அந்தத் துணிப்பையை என்னிடம் தந்தார். கடனை அடைக்காமல் ஜனாஸாவை எடுக்கக்கூடாது என்பது மூத்தம்மாவின் கட்டளை. கடைசிப் பக்கத்தை நான் வாசித்தேன். நூல் கடைக்கு 2300 ரூபா. பக்கத்து வீட்டுக்கு ஒரு கொத்து அரிசி. என் உம்மாவிடம் வாங்கிய 500 ரூபா. அதற்குக் கீழே, ‘வேறு யாருக்கும் ஒன்றுமில்லை, யாராவது கேட்டால் கேள்வியில்லாமல் கொடுக்கவும்’ என்று எழுதியிருந்தது. வாப்பாவும் மாமாவும் உடனே போய்க் கடையிலும் பக்கத்து வீட்டிலும் கொடுத்துவிட்டு வந்தார்கள். உம்மா தன் 500 ரூபாவை ஹலாலாக்கினார். பள்ளிவாசலில் மூத்த மாமா எழுந்து நின்று, வேறு யாருக்கும் கொடுக்கல் இருந்தால் சொல்லுமாறு கேட்டார். யாரும் எழும்பவில்லை. அஸருக்குப் பிறகு, அவர் ஆசைப்பட்டபடி, எங்கள் ஊர் மையவாடியில் மண்ணுக்குள் வைத்தார்கள். வாப்பாவும் ஒரு தோள் கொடுத்தார்.

கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. உறுதி இலக்கங்கள் எழுதியிருந்த பக்கத்தில் மூன்று மக்களின் பெயர்களுக்கும் கீழே நான்காவதாக என் காணியின் இலக்கத்தைக் கண்டேன். பார்வை மங்கிய பிறகு எழுதியது. வரி சாய்ந்திருக்கிறது. புள்ளி ஒன்றும் பிசகவில்லை.

இதை வாசிக்கும் சகோதரிகளிடம் ஒன்று கேட்கிறேன். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் உம்மாவிடம், மூத்தம்மா இருந்தால் அவரிடமும், நீங்கள் இருக்கும் வீட்டின் உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். இலக்கத்தை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். அந்த வீட்டைக் கட்ட யார் எத்தனை வருடம் உழைத்தார்கள் என்பதையும் அதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். பெற்றோரே, பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் எங்கள் மூத்தம்மாவின் பிழைகளைப் பொறுத்து, அவரது கபுறை விசாலமாக்கி, ஜன்னத்துல் பிர்தௌஸில் அவருக்கென்றே ஒரு வீட்டைக் கொடுப்பானாக. ஆமீன்.